அக்காவுக்குக் கொட்டுவது வேறு, தம்பிக்குக் குறைவது வேறு

கேள்வி: எனக்கு 29 வயது. குழந்தை பிறந்து ஐந்து மாதம். ஒரு மாதமாகத் தலை வாரினாலே கைநிறைய முடி வருகிறது. எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். மாமியார் மூலிகை எண்ணெய் காய்ச்சித் தருகிறார், தினமும் தேய்க்கிறேன், கொட்டுவது நிற்கவில்லை. என் தம்பிக்கு 23 வயது. அவனுக்கும் நெற்றி ஏறிக்கொண்டே போகிறது. ஒரு கிளினிக்கில் 'பேக்கேஜ்' பேசிவிட்டு வந்திருக்கிறான். இதே எண்ணெயை அவனுக்கும் கொடுக்கலாமா? குழந்தைக்கு மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வரும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: எண்ணெய் இருக்கட்டும். முதலில் உங்கள் இருவருக்கும் நடப்பது ஒரே விஷயமில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்களுக்குக் கொட்டுகிற முடி பெரும்பாலும் தானாகத் திரும்ப வந்துவிடும். உங்கள் தம்பிக்குப் போவது மருந்தில்லாமல் திரும்பாது, நாள் கடத்தக் கடத்த மருந்துக்கும் மசியாது. தோல் மருத்துவராக நான் தினமும் பார்த்து வருத்தப்படுவது இதைத்தான். பொறுத்திருந்தால் போதும் என்கிற நிலையில் உள்ள பெண்கள் பயந்துபோய்ப் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். உடனே வர வேண்டிய பையன்கள் மூன்று நான்கு வருடம் எண்ணெய் தேய்த்துவிட்டு, உச்சி தெரிய ஆரம்பித்த பிறகு வருகிறார்கள்.

தலையில் சுமார் ஒரு லட்சம் முடிவேர்கள் உண்டு. ஒவ்வொரு வேரும் தன் கணக்கில் இயங்குகிறது. இரண்டு முதல் ஆறு வருடம் வரை முடியை வளர்க்கும், பிறகு சில வாரம் சுருங்கும், அதன்பின் மூன்று மாதம் போல ஓய்வெடுக்கும். ஓய்வு முடிந்ததும் பழைய முடி விழுந்து, அதே வேரிலிருந்து புதியது கிளம்பும். எந்த நாளில் பார்த்தாலும் நூற்றுக்கு 85, 90 வேர்கள் வளர்ச்சியில் இருக்கும், மிச்சம் ஓய்வில் இருக்கும். அதனால் நாளுக்கு 50 முதல் 100 முடி விழுவது எல்லோருக்கும் உள்ளதுதான். வாரத்துக்கு ஒருமுறை தலைக்குக் குளிப்பவர்களுக்கு அன்றைக்கு மட்டும் நிறைய விழுந்த மாதிரி தெரியும். அது ஆறு நாள் சேர்ந்த கணக்கு.

கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறுவதால், விழ வேண்டிய முடிகள் விழாமல் தங்கிவிடுகின்றன. உங்கள் வளைகாப்புப் படத்தை எடுத்துப் பாருங்கள், சடை வழக்கத்தைவிடத் தடிமனாகவே இருந்திருக்கும். பிரசவமானதும் அந்த ஹார்மோன் மடமடவென்று இறங்குகிறது. தங்கியிருந்த முடிகளெல்லாம் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு முதல் நான்கு மாதம் கழித்து ஒன்றாக விழுகின்றன. 'குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும்' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். காலக்கணக்கு அவர்கள் சொல்வதுதான், குழந்தை சிரிக்கத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். பாவம், குழந்தையின் சிரிப்புக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இன்றைக்குத் தலை வாரும்போது விழுந்த முடி ஒன்றை எடுத்து ஒரு கறுப்புத் துணி மேல் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் கடுகைவிடச் சின்னதாக ஒரு வெள்ளை முண்டு தெரியும். வேரே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது என்று இதைக் காட்டி அழுத பெண்கள் உண்டு. அது ஓய்வு முடித்த முடியின் அடிப்பகுதி, அவ்வளவுதான். வேர் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது, அடுத்த முடியை வளர்க்கவும் தொடங்கியிருக்கும். வெள்ளை முண்டே இல்லாமல் நடுவில் அறுந்த துண்டுகளாக வந்தால், அது கொட்டுவதில் சேராது, முடி உடைகிறது. காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் உங்கள் நெற்றி ஓரத்தில் குட்டி முடிகள் குத்திட்டு நிற்பதைப் பார்ப்பீர்கள். சீப்புக்கு அடங்காது, படியவும் படியாது, ஆனால் நல்ல அறிகுறி. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் பழைய சடை திரும்ப நாளாகும். பெரும்பாலானவர்களுக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் கொட்டுவது அடங்கிவிடும்.

இந்த மாதிரி கொட்டலுக்குப் பிரசவம் மட்டும்தான் காரணம் என்றில்லை. டெங்கு, டைபாய்டு, கொரோனா, பெரிய ஆபரேஷன், பட்டினி கிடந்து எடை குறைப்பது, வீட்டில் ஒரு சாவு, எது வந்தாலும் இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை கணக்குத் தீர்க்கும். நடுவில் இவ்வளவு இடைவெளி இருப்பதால் யாருக்கும் காரணம் நினைவுக்கு வருவதில்லை, போன வாரம் மாற்றிய ஷாம்பூவைத் திட்டுவார்கள். முடி கொட்டுகிறது என்று யார் வந்தாலும் நான் காலண்டரை மூன்று மாதம் பின்னால் புரட்டச் சொல்வேன். பாதிப் பேருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு உங்களைச் சும்மா இருக்கச் சொல்லவில்லை. இரண்டு விஷயத்தைச் சோதித்துவிட வேண்டும். முதலில் இரும்புச்சத்து. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. பிரசவத்தில் ரத்தம் போயிருக்கும், இப்போது பாலும் கொடுக்கிறீர்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், ஃபெரிட்டின் என்று கேட்டுப் பாருங்கள். உடம்பில் இரும்பின் கையிருப்பு எவ்வளவு என்பதை அதுதான் காட்டும். ஹீமோகுளோபின் குறைவதற்கு முன்பே கையிருப்பு தீர்ந்திருக்கலாம். அடுத்தது தைராய்டு. பிரசவமான முதல் வருடத்தில் சிலருக்குத் தைராய்டு தடுமாறும். அசதி, படபடப்பு, எடை மாற்றம் எல்லாவற்றையும் 'பிள்ளை பெற்றவளுக்கு இப்படித்தான் இருக்கும்' என்று வீட்டில் தள்ளிவிடுவார்கள். டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒன்றைப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. முடிக்கு என்று கடையில் விற்கும் மாத்திரைகளில் பெரும்பாலும் பயோட்டின் என்ற வைட்டமின் அதிக அளவில் இருக்கும். அது ரத்தப் பரிசோதனை முடிவையே தவறாகக் காட்ட வைக்கும். தைராய்டு பரிசோதனையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கச் செய்யும் டிரோபோனின் பரிசோதனையும் இதில் அடக்கம். 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இதைப் பற்றி எச்சரித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தால் லேபில் முன்கூட்டியே சொல்லுங்கள், எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். உண்மையில் பயோட்டின் குறைபாடு மிக அரிது. குறைபாடு இல்லாதவருக்கு அதனால் முடி வளரும் என்பதற்கு நல்ல ஆதாரமும் கிடையாது.

பத்தியம் என்ற பெயரில் உங்களுக்கு எதையெல்லாம் நிறுத்தியிருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பிரசவமான பெண்ணுக்கு ரசமும் பூண்டுக் குழம்பும் மட்டும் போட்டு மாதக்கணக்கில் ஓட்டுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். முடி என்பது பெரும்பாலும் புரதம். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், கீரை எல்லாம் தட்டில் வரட்டும், கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேரட்டும். டீ, காபியைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், இரும்பு உடம்பில் சேர்வதை அவை தடுக்கும். மாமியார் எண்ணெய் காய்ச்சுவது அக்கறையில்தான். அந்த அக்கறையை அப்படியே தட்டின் பக்கம் திருப்பிவிட்டால் உங்கள் முடிக்கு இன்னும் உதவும்.

எண்ணெய்க்கு வருகிறேன். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் இறங்கி, துவைக்கும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கும். முடி உடையாமல் மினுமினுப்பாக இருக்க அது நல்லது. கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சினாலும் அந்தப் பலன் இருக்கும். ஆனால் வேர் எப்போது வளர வேண்டும், எப்போது ஓய வேண்டும் என்பதை எண்ணெய் தீர்மானிக்காது. பொடுகு உள்ளவர்கள் இரவெல்லாம் எண்ணெய் ஊற வைத்தால் பொடுகு கூடும், ஏனென்றால் அதற்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்தான் தீனி. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தேய்த்து அலசிவிடுங்கள், போதும். போர் தண்ணீரும் அப்படித்தான். உப்பு அதிகமான தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழ வைக்கும், உடைக்கும். வேரை அது தொடாது. கடைசியாக ஒரு பக்கெட் நல்ல தண்ணீரில் அலசினால் போதும், முடிக்காகவென்று பெரிய செலவில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் மெஷின் வாங்க வேண்டாம். ஈரத் தலையை இறுக்கிப் பின்னாதீர்கள், உச்சியில் இழுத்துக் கொண்டை போடாதீர்கள். பல வருடம் இழுத்துக் கட்டியே காதோரமும் நெற்றியோரமும் நிரந்தரமாக வெறிச்சோடிப் போனவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் இறுக்கமான இரட்டைச் சடைக்கும் இதையே சொல்வேன்.

சரி, உங்கள் தம்பி. அவருக்கு முடி கொட்டுவதே கண்ணுக்குத் தெரிந்திருக்காது, கவனித்திருப்பீர்களா? தலையணையில், சீப்பில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் முடி முன்னைவிட மெல்லியதாக, குட்டையாக முளைத்து, கடைசியில் பூனைமுடி போலாகி, ஒரு கட்டத்தில் முளைப்பதையே நிறுத்திவிடும். முதலில் நெற்றியின் இரண்டு ஓரமும் ஏறும், பிறகு உச்சி தெரியும். டெஸ்டோஸ்டிரோன் தலைத்தோலில் டி.எச்.டி. என்ற இன்னொரு ஹார்மோனாக மாறுகிறது. பரம்பரையாக அதைத் தாங்காத வேர்கள் சுருங்கிப்போகின்றன. அம்மாவின் அப்பாவைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பார்கள். அம்மா வழியாக வரும் மரபணு ஒன்றுக்கு முக்கியப் பங்கு உண்டு, ஆனால் அப்பா வழியும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. ஹெல்மெட்டுக்கு இதில் பங்கில்லை. தயவுசெய்து முடிக்குப் பயந்து ஹெல்மெட்டைக் கழற்ற விடாதீர்கள்.

இதற்கான மாத்திரை பிறந்த கதையைச் சொன்னால் மருந்து என்ன செய்கிறது என்பதும் புரிந்துவிடும். டொமினிக்கன் குடியரசில் ஒரு கிராமத்தில், பிறக்கும்போது பெண்குழந்தை என்று வளர்க்கப்பட்டு, பருவ வயதில் ஆண் உடலாக மாறுகிறவர்கள் சிலர் இருந்தார்கள். ஜூலியான் இம்பெராட்டோ மெக்கின்லி என்ற மருத்துவரின் குழு அவர்களைப் பரிசோதித்து 1974-ல் முடிவை வெளியிட்டது. அவர்கள் உடம்பில் டெஸ்டோஸ்டிரோனை டி.எச்.டி.யாக மாற்றும் நொதி பிறவியிலேயே வேலை செய்யவில்லை. அவர்கள் வளர்ந்த பிறகும், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி சிறிதாகவே இருந்தது, நெற்றி ஏறவில்லை. அந்த நொதியை மாத்திரையால் தடுத்தால் என்ன என்ற யோசனையில் உருவானதுதான் ஃபினாஸ்டரைடு. 1992-ல் புராஸ்டேட் வீக்கத்துக்கும், 1997-ல் ஒரு மில்லிகிராம் அளவில் ஆண் வழுக்கைக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இருக்கிற முடியைக் காப்பாற்றுவதில் இந்த மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. பக்கவிளைவை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிலருக்குப் பாலுறவு ஆசை குறையும், விறைப்பில் சிக்கல் வரும். பெரும்பாலும் நிறுத்தினால் சரியாகிவிடும், நிறுத்திய பிறகும் நீடித்ததாகச் சொல்பவர்களும் உண்டு. மனச்சோர்வும் வரலாம். 2025-ல் ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்புக் குழு தற்கொலை எண்ணத்தையும் இதன் பக்கவிளைவாக உறுதிசெய்தது. உங்கள் தம்பிக்கு ஏற்கெனவே மனச்சோர்வு இருந்தால் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லட்டும். மாத்திரை எடுக்கும் காலத்தில் ரத்ததானம் செய்யக் கூடாது. கர்ப்பமாக உள்ள பெண்கள், கர்ப்பமாக வாய்ப்புள்ள பெண்கள் உடைந்த மாத்திரையைக் கையால்கூடத் தொடக் கூடாது, வயிற்றிலுள்ள ஆண் குழந்தையைப் பாதிக்கும். ஒரே வீட்டில் இருக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்கும்தான்.

மேலே தடவுவதற்கு மினாக்சிடில். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்த மருந்து அது, சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததைப் பார்த்துத்தான் தலைக்குத் தடவும் திரவமாக்கினார்கள். 1988-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆண்களுக்கு 5 சதவீதம், ஒரு மில்லி, காலையும் இரவும். காய்ந்த தலையில், முடியை ஒதுக்கித் தோலில் படும்படி சொட்டுச் சொட்டாக விட்டு விரலால் பரப்ப வேண்டும். பாதிப் பேர் முடியைத்தான் நனைக்கிறார்கள். இன்னொரு பிரச்சினை, தொடங்கிய சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டும். ஓய்வில் இருந்த முடிகளைத் தள்ளிவிட்டுப் புதியவை வருவதால்தான் அப்படி. மருந்தால்தான் போய்விட்டது என்று பயந்து அந்த நேரத்தில் நிறுத்துகிறவர்கள் ஏராளம். நான்கு முதல் ஆறு மாதம் விடாமல் தடவிய பிறகே பலனைப் பற்றிப் பேசலாம். நிறுத்தினால் வந்தது சில மாதத்தில் போய்விடும், ஆகவே விருப்பம் உள்ளவரை தொடர வேண்டிய சிகிச்சை இது என்பதைத் தெரிந்தே தொடங்கட்டும். வீட்டில் பூனை இருந்தால் பாட்டிலை எட்டாத இடத்தில் வையுங்கள், பூனைக்கு இது கொடிய விஷம். நீங்கள் பால் கொடுக்கிறீர்கள், ஆகவே அவசரத்துக்குத் தம்பியின் பாட்டிலை எடுத்துத் தடவிக்கொள்ளக் கூடாது.

இந்த இரண்டு மருந்துக்கும் சேர்த்து மாதம் ஆயிரம் ரூபாய் அளவில்தான் ஆகும். பேக்கேஜ் காரர்கள் இதே மருந்துகளைத்தான் பெயர் தெரியாத பாட்டிலில் ஊற்றி, மாதத் தவணை போட்டு விற்கிறார்கள் என்பது என் அனுபவம். லேபிளில் மருந்தின் பெயர் இல்லாத எதையும் தலையில் தடவ வேண்டாம் என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ரத்தம் எடுத்துச் சுழற்றித் தலையில் ஊசியாகப் போடும் பி.ஆர்.பி. சிலருக்குக் கொஞ்சம் உதவுகிறது, ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு முறையில் செய்கிறார்கள், பலனும் அப்படியே. மருந்துக்கு மேல் கூடுதலாகச் செய்யலாம், மருந்துக்குப் பதிலாகச் செய்தால் ஏமாற்றம்தான். 'ஹேர் ஸ்பெஷலிஸ்ட்' என்று போர்டு வைத்தவரெல்லாம் மருத்துவர் இல்லை. பெயருக்குப் பின்னால் டி.வி.எல். என்று இருக்கிறதா பாருங்கள், தோல் மருத்துவம் படித்தவருக்கு அது ஓர் அடையாளம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, அங்கே பார்க்கக் காசு வேண்டாம்.

முடி நடுவதைப் பற்றியும் அந்தக் கிளினிக்கில் பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். 23 வயதில் வேண்டாம். பின்மண்டையில் உள்ள முடிகள் டி.எச்.டி.க்கு அசையாதவை, அதனால்தான் அங்கிருந்து எடுத்து முன்னால் நடுகிறார்கள். அந்த இருப்பு அளவானது, எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. வழுக்கை எதுவரை போகும் என்று தெரியாத வயதில் நெற்றியில் நட்டுவிட்டால், பத்து வருடம் கழித்து முன்னால் ஒரு பட்டை முடியும் அதன் பின்னால் வெறும் திட்டுமாக நிற்கும், நிரப்ப இருப்பும் இருக்காது. முதலில் ஒரு வருடம் மருந்தில் நிலைநிறுத்தட்டும். பிறகு எப்போதாவது செய்வதானால், மயக்க மருந்தும் அவசர வசதியும் உள்ள இடத்தில் தகுதியுள்ள மருத்துவர்தான் செய்ய வேண்டும். 2016-ல் சென்னையில் முடி நடப் போன மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தே போனார். அழகு நிலையத்துக்குப் போவது போல இதற்குப் போகக் கூடாது. பயிற்சி பெற்ற மருத்துவர்தான் இதைச் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையமும் 2022-ல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது.

நீங்கள் கேட்காவிட்டாலும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். காசு அளவில் வட்டமாக, வழவழவென்று ஓர் இடம் மட்டும் காலியானால் அது புழுவெட்டு. எந்தப் புழுவும் வெட்டவில்லை, உடம்பின் எதிர்ப்பு சக்தியே முடிவேரைத் தாக்குகிறது. சின்ன வெங்காயம், பூண்டு வைத்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறார்கள். பல புழுவெட்டுகள் தாமாகவே முளைத்துவிடும், அந்தப் பெயரை வெங்காயம் தட்டிக்கொண்டு போய்விடுகிறது. பரவினால் ஊசி உண்டு, 2022 முதல் தலை முழுக்கப் போனவர்களுக்குக்கூட மாத்திரை வந்திருக்கிறது. குழந்தைக்குத் தலையில் செதிலும் அரிப்புமாக முடி உடைந்து திட்டு விழுந்தால் அது பூஞ்சை, களிம்பு மட்டும் போதாது, வாரக்கணக்கில் உள்ளுக்கு மருந்து வேண்டும். எரிச்சல், வலி, சீழ், பளபளக்கும் தழும்பு போன்ற தோல், இவற்றில் எது இருந்தாலும் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள், தழும்பான இடத்தில் வேர் திரும்பாது. உங்களுக்கே குழந்தையின் முதல் பிறந்தநாள் தாண்டியும் கொட்டல் அடங்காவிட்டாலோ, வகிடு அகலமாகிக்கொண்டே போனாலோ அதைப் பிரசவக் கணக்கில் எழுதாதீர்கள். பெண்களுக்கும் பரம்பரை முடிக்குறைவு உண்டு, அது வகிட்டில்தான் முதலில் தெரியும். பழைய படத்தோடு ஒப்பிட்டாலே புரியும்.

கடைசியாகக் குழந்தையின் மொட்டை. மழித்த முடியின் முனை மொட்டையாக இருப்பதால் வளரும்போது தடவினால் தடிமனாகப் படும், கறுப்பாகத் தெரியும். வேரின் எண்ணிக்கையோ பருமனோ மாறுவதில்லை. பிறந்த முடி இந்த மாதங்களில் உதிர்வதும், பின்மண்டையில் திட்டாக வெறிச்சிடுவதும் இயல்பு, குழந்தை உட்கார ஆரம்பித்த பிறகு அதுவும் மூடிவிடும். குலதெய்வத்துக்கோ பழனிக்கோ வேண்டுதல் இருந்தால் தாராளமாக அடியுங்கள், பிளேடு மட்டும் புதிதாகப் பிரித்ததா என்று நின்று பாருங்கள். அடர்த்திக்காக என்றால் பச்சைப்பிள்ளையை அழவைக்க வேண்டியதில்லை.